றெக்கைப் பக்கத்து ஜன்னல்

வேண்டாம் தாயி, எனக்கு இந்தச் சீட்டே போதும்.

நீ நல்லதுக்குத்தான் சொல்லுத. கதவைச் சாத்திட்டாக, அந்தப் பக்கம் பின்னாடி ஒரு ஜன்னல் சீட்டு சும்மா கெடக்கு, மலை பூரா அந்தப் பக்கந்தான் தெரியும், இங்கன இருந்தா இந்த றெக்கையைப் பாத்துக்கிட்டே போகணும்னு சொல்லுத. எல்லாம் எனக்குத் தெரியும். டெல்லியில இருந்து காத்மாண்டு போனா இடது பக்கம், ஏ சீட்டு. திரும்பி வந்தா வலது பக்கம், எஃப் சீட்டு. உறக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். இந்த வழியில எனக்கு இது ரெண்டாவது தடவை.

எங்களை யாத்திரை கூட்டிட்டு வாரவரு, அந்தா முன்னாடி தொப்பி போட்டு உக்காந்திருக்காருல்லா, சங்கரநாராயணன்னு, அவரும் இதைத்தான் சொன்னாரு. "அம்மா, உங்களுக்கு அருமையான சீட்டு போட்டிருக்கு"ன்னாரு. எனக்குப் பதினாலு எஃப் வேணும், மாத்தி வாங்கிக் குடுங்கன்னேன். "அது றெக்கை மேல இருக்குல்லாம்மா"ன்னாரு. தெரிஞ்சுதான் கேக்கேன்னேன். ஒரு மாதிரியாப் பாத்துட்டுப் போயி மாத்தி வாங்கிட்டு வந்தாரு. இவளுக்குக் கூறு கெட்டுப்போச்சுன்னு நெனச்சிருப்பாரு. நெனச்சுட்டுப் போகட்டும்.

ஏன்னு கேக்கியா? சொல்லுதேன். ஒண்ணரை மணி நேரம் போகணும்லா. ஆனா கேட்டுட்டு, என் பக்கம் நியாயம் இருக்கா இல்லையான்னு நீ சொல்லணும். கையில தமிழ்ப் புஸ்தகம் வச்சிருக்க, படிச்ச பிள்ளையாத் தெரியுத. பெரிய மனுசின்னு பாக்காம, உள்ளதைச் சொல்லணும்.

எனக்கு ஒரு தங்கச்சி. பூரணம்னு பேரு. என்னைவிட மூணு வயசு இளையவ. என் பேரு செண்பகவல்லி. எங்களுக்குக் கோவில்பட்டி. எங்கய்யா தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்குப்பிள்ளை. வருசத்துக்கு ஒருக்க, தப்பாம, பஸ்ஸேறித் திருச்செந்தூருக்குக் கூட்டிட்டுப் போவாக. அந்தக் காலத்துல எங்களுக்கு வேற போக்கு ஏது? அந்த ஒரு நாளுக்காக நான் வருசம் பூரா காத்துக் கெடப்பேன். முருகனுக்காகன்னு நெனைக்காத. சாமி கோவிச்சுக்கிட்டாலும் சரி, நான் காத்துக் கெடந்தது கடலுக்காக. கடல்னா கரையில நின்னு பாக்குற கடல் இல்ல. தூத்துக்குடி தாண்டி முத்தையாபுரம், அதையும் தாண்டிப் போனா பஸ்ஸுக்குள்ள இருந்தே ஒரு இடத்துல சட்டுன்னு தெரியும். முதல்ல பாத்த பிள்ளை "கடலு"ன்னு கத்தணும். பஸ்ஸுல இருக்க எல்லாப் பிள்ளைகளும் அதுக்குத்தான் கண்ணைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கும். அப்பவும் இடது பக்கந்தான் பாத்துக்கோ. கடலும் இடது பக்கம், உப்பளமும் இடது பக்கம்.

நான் ஒரு வருசங்கூடக் கத்துனதில்ல. ஏன்னா, ஜன்னல்ல உக்காந்திருக்கது பூரணம்.

அவளுக்கு வாந்தி வரும். பஸ்ஸுப் புகை மூக்குல பட்டாலே ஓங்கரிப்பா. ஒரு வீட்டுல ஒரு பிள்ளைக்கு வாந்தி வரும்னா ஜன்னல் சீட்டு அதுக்குத்தான், அது எழுதாத சட்டம். நீயும் பாத்திருப்ப. அந்தப் பிள்ளை கையில ஒரு எலுமிச்சம்பழம். பக்கத்துல நான். எனக்கு அங்க என்ன வேலை? அவ தலையை வெளிய நீட்டும்போது நெத்தியைப் பிடிச்சுக்கிடணும். முடி முகத்துல விழாம ஒதுக்கிவிடணும். அப்புறம் தண்ணியைக் குடுத்து வாயைக் கொப்புளிக்க வைக்கணும். என் கைக்கு அவ நெத்தி அளவு இன்னைக்கும் தெரியும்.

இதுல என்ன கொடுமைன்னு சொல்லுதேன் கேளு. அவ அந்த ஜன்னல்ல உக்காந்து ஒண்ணையும் பாக்க மாட்டா. கண்ணை இறுக மூடி, எலுமிச்சம்பழத்தை மூக்குல வச்சுக்கிட்டு, செத்த கோழி மாதிரி சாஞ்சிருப்பா. எனக்கு வயிறு எரியும். பாக்காதவளுக்கு எதுக்கு ஜன்னல்? எங்கய்யா பின்னாடி சீட்டுல இருந்து எக்கி, அவ தோளைத் தட்டி, "பூரணம், கண்ணத் தொறந்து பாரு தாயி, பனிமலை வந்துட்டு, கைலாசம் வந்துட்டு"ன்னு உப்பளத்துல குமிச்சு வச்சிருக்க உப்பு அம்பாரத்தைக் காட்டுவாக. வெள்ளை வெள்ளையா வரிசையா நிக்கும்லா. அவளும் ஒத்தைக் கண்ணைத் தொறந்து பாத்துட்டு, லேசாச் சிரிச்சுட்டு, திரும்ப மூடிக்கிடுவா. என்கிட்ட ஒரு நாளு "செண்பகம், நீயும் பாரு"ன்னு எங்கய்யா சொன்னதில்ல. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவ பின்னந்தலையும், அதுக்கு மேல கொஞ்சம் வானமும்.

இந்தா, காபி கொண்டு வருது. நீ குடி. எனக்கு வேண்டாம்.

இது சின்னப்பிள்ளைக் கதைன்னு நெனைக்காத. கல்யாணம் ஆயி, பிள்ளை பெத்து, ஐம்பது வயசு ஆன பெறகும், எந்த விசேசத்துக்கு வேன் பிடிச்சாலும், "பூரணத்துக்கு ஜன்னலை விடுங்க, பூரணத்துக்கு முன் சீட்டை விடுங்க." அவளுக்கு வாச்சது பேங்க் மாப்பிள்ளை. மூணு வருசத்துக்கு ஒரு ஊரு. பூனாங்கா, நாக்பூர்ங்கா, வெசாகப்பட்டினங்கா. எனக்கு வாச்சவரு மாவு மில்லு வச்சிருந்தாரு. நான் பாத்த பனிமலை அந்த மாவுதான், மெசினைச் சுத்திப் படிஞ்சு கெடக்கும், தினம் பெருக்கித் தள்ளுவேன். நான் பொறாமைக்காரி இல்ல. பொறாமைன்னா அவ லெட்டர் போட்டா பதில் போட்டிருப்பேனா? அவ ஊருக்கு வந்தா விதவிதமா ஆக்கிப் போட்டிருப்பேனா? போட்டேன். எல்லாம் செஞ்சேன். உள்ளுக்குள்ள ஒண்ணு கெடந்துச்சு, அவ்வளவுதான். அது யாருக்குத்தான் இல்ல?

போன வருசம் ஆவணியில போன் பண்ணுதா. "அக்கா, காசி நேபாளம்னு ஒரு யாத்திரை போகுதாம். டெல்லியில இருந்து காத்மாண்டுக்குப் பிளேன்ல கூட்டிட்டுப் போறாகளாம். பிளேன் ஜன்னல்லயே பனிமலை தெரியுமாம்க்கா. அய்யா காட்டுவாகல்லா, அது நெசமாவே தெரியுமாம். நாம ரெண்டு பேரும் போவமா?"ன்னா.

அதுக்கு முந்தின வருசந்தான் அவளுக்கு ஆபரேசன் ஆயிருந்துச்சு. வயித்துல கட்டி. மருந்து ஏத்தி முடியெல்லாம் கொட்டி, அப்பத்தான் ரெண்டு விரக்கட வளந்திருந்துச்சு. "எல்லாம் சரியாப் போச்சுக்கா, டாக்டரே போயிட்டு வான்னுட்டாரு"ன்னா. நான் நம்புனேன். நம்புறது எனக்கும் வசதியாத்தான் இருந்துச்சு.

என் மகன் வேலவன் பெங்களூர்ல இருக்கான். சீட்டெல்லாம் போன்லயே எடுக்கலாமாம்லா. அவன்தான் எடுத்தான். எடுத்துட்டு எனக்குப் போன் போட்டுச் சொல்லுதான். "எம்மா, எல்லாம் விசாரிச்சுட்டேன். போகும்போது இடது பக்கந்தான் மலை. உனக்கும் சித்திக்கும் இருபத்திரெண்டு ஏ, இருபத்திமூணு ஏ, முன்னப் பின்ன போட்டிருக்கேன். றெக்கை தாண்டிப் பின்னாடி. மறைக்காது. ரெண்டு பேருக்கும் பூரா மலையும் தெரியும்"ன்னான்.

இதைக் கேளு. நான் முதல்ல நல்லதுக்குத்தான் வாயைத் தொறந்தேன். "எய்யா, சித்திக்கு வாந்தி வரும்லா. றெக்கை பக்கத்துல உக்காந்தா குலுங்காதுன்னு எதுத்த வீட்டு டீச்சர் சொன்னாக. அவளுக்கு அங்கன போடேன்"னேன். சத்தியமா அதுவரைக்கும் என் மனசுல ஒண்ணும் இல்ல.

அவன் பாத்துட்டுச் சொன்னான். "றெக்கை மேல ஏ சீட்டு எல்லாம் போயிட்டும்மா. பதினாலு எஃப்தான் காலியா இருக்கு. அது வலது பக்கம். அதுல மலை தெரியாது. வெயிலு வேற மூஞ்சியில அடிக்கும்."

  அதைக் கேட்டதும் எனக்கு என்னவெல்லாம் ஞாபகம் வந்துச்சு தெரியுமா? பஸ்ஸு, எலுமிச்சம்பழம், அவ பின்னந்தலை. எல்லாம் வந்துச்சு. "அதையே போடு"ன்னேன்.

"எம்மா, மலை தெரியாதுங்கேன்."

"அவளுக்கு மலையா முக்கியம்? வாந்தி வராம இருந்தாப் போதாதா? அவளுக்கு ஜன்னல் வேணும், ஜன்னல் இருக்குல்லா? போடு."

"சித்திகிட்டக் கேட்டியா?"ன்னான்.

"கேட்டுட்டேன்"னேன். கேக்கலை.

என்ன தாயி அப்பிடிப் பாக்க? நான் அவளுக்கு ஜன்னல் இல்லாமப் பண்ணுனேனா? ஜன்னல்தான் குடுத்தேன். அறுபது வருசமா எதைக் கேட்டு வாங்குனாளோ அதைத்தான் குடுத்தேன். அவகிட்டச் சொன்னதும் பொய் இல்ல. "உனக்கு ஜன்னல்தான் போட்டிருக்கு பூரணம், றெக்கை மேல, குலுங்காது"ன்னேன். அதுக்கு அவ சொல்லுதா, "எனக்காக இவ்வளவு யோசிச்சிருக்கியேக்கா." அப்பிடியே சொன்னா.

எலுமிச்சம்பழங்கூடக் கொண்டுபோனேன். எங்க வீட்டு மரத்துது. டெல்லி ஏர்போர்ட்டுல அவ கையில வச்சேன். சின்னப்பிள்ளை மாதிரி மோந்து பாத்துக்கிட்டா.

பிளேன்ல நான் இருபத்திரெண்டு ஏ. அவ இங்கன, பதினாலு எஃப். நீ இருக்க இந்த நடுச்சீட்டுல எங்க கோஷ்டியில வந்த சௌந்தரம் டீச்சர். விளாத்திகுளம் பக்கம், ரிட்டயர்டு. நல்ல மாதிரி. பிளேன் மேல ஏறி அரை மணி நேரம் ஆயிருக்கும், இடது பக்கம் ஒரே சத்தம். எல்லாரும் போனைத் தூக்கிக்கிட்டு ஜன்னல்ல விழுதாக. நான் பாத்தேன். அறுபத்தஞ்சு வயசுல, என் வாழ்க்கையில முதல் தடவையா, ஒரு வண்டியில ஜன்னல்ல உக்காந்து, பாக்க வேண்டியதை நானே பாத்தேன்.

எப்படி இருந்துச்சுன்னு கேக்கியா? நல்லாத்தான் இருந்துச்சு. வெள்ளையா நீட்டுக்கு நின்னுச்சு. உப்பு அம்பாரம் மாதிரிதான். எங்கய்யா ஒண்ணும் பெருசாப் பொய் சொல்லலை.

அஞ்சு நிமிசம் பாத்திருப்பேன். அதுக்கு மேல எனக்கு அதுல மனசு போகலை. இவ என்ன பண்ணுதான்னு பாக்கணும். சேலையைச் சரி பண்ணுற மாதிரி எந்திரிச்சேன். மேல பையை எடுக்குற மாதிரி எந்திரிச்சேன். எத்தனை தடவைதான் பையை எடுப்பேன்! பக்கத்துல இருந்த ஆளு மலையைப் பாக்கதுக்கு என் மேல சாஞ்சு சாஞ்சு விழுதாரு, நான் அவரைத் தள்ளிட்டு எந்திரிச்சு இந்தப் பக்கம் பாக்கேன். எனக்குத் தெரிஞ்சது அவ பின்னந்தலை. அந்தக் குட்டை முடி. வெயிலு அதுல அடிச்சுக்கிட்டு இருக்கு. ஜன்னல் மூடியை எறக்கிவிட்டிருக்கலாம், எறக்கலை. கண்ணாடியில நெத்தியை முட்டிக்கிட்டு வெளியவே பாத்துக்கிட்டிருந்தா. அறுபது வருசம் ஜன்னல்ல கண்ணை மூடிக்கிட்டே வந்தவ, அன்னைக்குக் கண்ணைத் தொறந்து இந்த றெக்கையைப் பாக்கா.

ஒரு தடவை நான் எந்திரிச்சபோது ஏர்ஹோஸ்டஸ் பொண்ணு அவ வரிசையில குனிஞ்சு நின்னு என்னமோ கேட்டுச்சு. டீச்சரும் என்னமோ சொன்னாக. பூரணம் அந்தப் பொண்ணு கையைப் பிடிச்சு வேண்டாம்ங்குற மாதிரி தலையை ஆட்டுனா. காபி வேண்டாங்கா போலன்னு நெனச்சேன். அந்தப் பொண்ணு நிமிந்து, நேரா என்னைப் பாத்துச்சு. பாத்துட்டு அப்பிடி ஒரு சிரிப்புச் சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். எதுக்குச் சிரிக்கான்னு தெரியாமலே சிரிச்சேன்.

எறங்குனதும் ஓடிப்போய் அவ பக்கத்துல நின்னேன். ஏன் ஓடுனேன்? அவ அழுவான்னு எதிர்பாத்தேன். இல்லன்னா, "ஏக்கா எனக்கு மட்டும் அந்தப் பக்கம் போட்ட"ன்னு ஒரு வார்த்தை கேப்பான்னு நெனச்சேன். கேட்டிருந்தா நானும் கேட்டிருப்பேன். திருச்செந்தூர்ல ஆரம்பிச்சு ஒண்ணு விடாமக் கேட்டிருப்பேன். பதிலெல்லாம் தயாரா வச்சிருந்தேன்.

"பாத்தியாட்டி மலையை?"ன்னேன்.

"பாத்தேன்க்கா. பூராவும் பாத்தேன். வெள்ளை வெள்ளையா, வரிசையா. அய்யா முத்தையாபுரத்துல காட்டுவாகல்லா, அச்சா அதே மாதிரிக்கா. நீ பாத்தியா, உனக்கு நல்லாத் தெரிஞ்சுச்சா?"ன்னா.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. மேகத்தைப் பாத்துட்டு மலைங்கா! கூறுகெட்டவ, மேகத்துக்கும் மலைக்கும் வித்தியாசம் தெரியலை. பேங்க்காரன் பொண்டாட்டி, பூனா நாக்பூரெல்லாம் பாத்தவ. சொல்லுவமான்னு நெனச்சேன். சொல்லலை. காத்மாண்டுல மூணு நாளும் ஒரே மூட்டம். மலை எந்தத் திக்குல இருக்குன்னே தெரியலை. எல்லாரும் புலம்புதாக, இவ மட்டும், "பரவால்ல, நாங்கதான் பிளேன்லயே பாத்துட்டமே"ங்கா. பசுபதிநாதர் சந்நிதியில கண்ணை மூடிக்கிட்டு அவ்வளவு நேரம் நின்னா. நான் பக்கத்துல நின்னு அவளைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.

அங்க இருந்து கோரக்பூருக்குப் பஸ்ஸு. ஒரே வளைவு. நான் வழக்கம்போல நடுவுல உக்காரப் போறேன், "அக்கா, நீ ஜன்னல்ல உக்காரு. எனக்கு இப்பல்லாம் வாந்தி வாரதில்ல"ங்கா. உக்காந்தேன். வெளிய என்ன இருக்கு? லாரியும் மண்ணுந்தான். பாக்க ஒண்ணும் இல்லாத எடத்துல ஜன்னலைக் குடுக்காளேன்னு எனக்கு ஆத்திரம். அவ என் தோள்ல சாஞ்சு உறங்கிட்டா. ஒண்ணுமே கனம் இல்ல. அதை நான் அப்பவே கவனிச்சிருக்கணும்.

ஊருக்கு வந்து ரெண்டு மாசங்கூட ஆகலை, திரும்ப ஆஸ்பத்திரி. எல்லாம் சரியாப் போச்சுன்னு டாக்டர் சொல்லவே இல்லையாம். ஆறு மாசந்தான்னு அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், அவ வீட்டுக்காரருக்கும் தெரியும். போகணும்னு ஆசைப்பட்டா, போயிட்டு வரட்டும்னு விட்டிருக்காரு. எனக்கு மட்டும் சொல்லக் கூடாதுன்னுட்டாளாம். அக்கா பயந்துக்கிடுவா, அப்புறம் சந்தோசமா வர மாட்டான்னு.

அவளுக்கு ஒரே மக, கனடாவுல. வந்து பத்து நாளு இருந்துட்டுப் போச்சு. பாத்துக்கிட்டது யாரு? நான். மதுரையில ஆஸ்பத்திரியில போயி கெடந்தேன். அங்கயும் அவளுக்கு ஜன்னல் ஓரந்தான் கட்டில். சிரிப்பு வருதுல்லா? எனக்கும் வந்துச்சு. அந்த மாத்திரைக்கு ஓயாத வாந்தி. அப்பவும் நெத்தியைப் பிடிச்சது இந்தக் கைதான். ஒரு நாளு பிடிச்சுக்கிட்டே, "பூரணம், அந்தப் பிளேன்ல..."ன்னு ஆரம்பிச்சேன். அவ வாயைத் தொடச்சுட்டு, "என்ன அழகுல்லாக்கா"ன்னா. 

மாசி மாசம் போயிட்டா.

பதினாறாம் நாளு காரியத்துக்கு சௌந்தரம் டீச்சர் வந்திருந்தாக. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "உங்களை மாதிரி அக்கா தங்கச்சியை நான் பாத்ததில்லம்மா"ன்னாக. ஏன்னேன். அன்னைக்குப் பிளேன்ல நடந்ததைச் சொன்னாக. மலை அந்தப் பக்கந்தான் தெரியும்னு பூரணத்துக்கு ஏறி உக்காந்த உடனே தெரிஞ்சுபோச்சாம். டீச்சரே சொல்லியிருக்காக. சத்தம் கேட்டதும், "போயி உங்க அக்காகிட்டக் கேளுங்க, ஒரு பத்து நிமிசம் மாத்தி உக்காந்துக்கிடலாம்லா"ன்னு சொல்லியிருக்காக. அந்த ஏர்ஹோஸ்டஸ் பொண்ணும், "நான் போயி அவங்ககிட்டக் கேக்கட்டுமா"ன்னு குனிஞ்சு கேட்டிருக்கு. காபி இல்ல தாயி. அதுதான் கேட்டிருக்கு.

அதுக்கு இவ அந்தப் பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னாளாம் தெரியுமா?

"கேக்காதீங்க. கேட்டா எந்திரிச்சு முழுசா எனக்குக் குடுத்துட்டு, அவ இங்கன வந்து உக்காந்துக்கிடுவா. எங்க அக்கா அப்பிடித்தான். சின்னப்பிள்ளையில இருந்து என்னால அவளுக்கு ஒரு நாளும் ஜன்னல் கெடைச்சதில்ல. கடலைக்கூட ஒழுங்காப் பாத்ததில்ல. இன்னைக்கு ஒரு நாளு அவ பாக்கட்டும்."

டீச்சர் அதைத் தமிழ்ல கேட்டு அந்தப் பொண்ணுக்கு இங்கிலீஸ்ல சொல்லியிருக்காக. அதுக்குத்தான் அது என்னைப் பாத்துச் சிரிச்சிருக்கு. நான் பதிலுக்குப் பல்லைக் காட்டியிருக்கேன்.

எங்க அக்கா அப்பிடித்தானாம். எந்திரிச்சுக் குடுத்துருவாளாம். குடுத்திருப்பேனா தாயி? அவ வந்து என் பக்கத்துல நின்னு, "அக்கா, ஒரு நிமிசம் பாத்துக்கிடட்டுமா"ன்னு கேட்டிருந்தா குடுத்திருப்பேனா? நானும் எட்டு மாசமா என்னையே கேட்டுக்கிட்டிருக்கேன். சில நாளு குடுத்திருப்பேன்னு தோணுது. காலையில எந்திரிச்சா இல்லன்னு தோணுது.

சரி, அதை விடு. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். அவ அதைத் தெரிஞ்சு சொன்னாளா, தெரியாமச் சொன்னாளா? நான் வேணும்னுதான் அந்தப் பக்கம் போட்டேன்னு தெரிஞ்சுக்கிட்டே, டீச்சர் முன்னாடி என் மானத்தைக் காப்பாத்துனாளா? இல்ல, நெசமாவே என்னை அப்பிடித்தான் நெனச்சுக்கிட்டிருந்தாளா? மேகத்தைப் பாத்தவ உப்பு அம்பாரம் மாதிரின்னு சொல்ல மாட்டா. அவ மேகத்தையும் பாக்கலை, இந்தா இந்தத் தகரத்தைத்தான் பாத்திருக்கா. பாத்துக்கிட்டே எங்கய்யா சொன்னதை அப்பிடியே ஒப்பிச்சிருக்கா. என்னைவிட அவளுக்குத்தான் நல்லாப் பொய் சொல்ல வந்திருக்கு.

எனக்கு அவ மேலதான் ஆத்திரம். ஒரு சண்டை போட்டிருக்கலாம்லா? ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா? ஆறு மாசத்துல சாகப் போறேன், என் மலையை ஏன்டி பறிச்சன்னு என் சேலையைப் பிடிச்சு உலுக்கியிருந்தா, நானும் உள்ள கெடந்ததையெல்லாம் கொட்டியிருப்பேன், ரெண்டு பேரும் அழுதிருப்போம், முடிஞ்சுபோயிருக்கும். ஒண்ணும் கேக்காம, நல்ல பேரையும் எடுத்துக்கிட்டு, போயிட்டா. அதுலயும் அவதான் ஜன்னல்ல உக்காந்துக்கிட்டா. நான் திரும்பவும் நடுவுல.

அதான் வந்தேன். சாமி கும்பிடவா வந்தேன்? சாமியை வருசா வருசம் தொந்தரவு பண்ண முடியுமா? ஒண்ணரை மணி நேரம் இங்கன உக்காந்து, அவ என்னத்தைப் பாத்தான்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன். இந்தா, றெக்கை. அதுல இங்கிலீஸ்ல என்னமோ எழுதியிருக்கு, எனக்கு அது படிக்கத் தெரியாது. ஓரத்துல துணுக்கு மாதிரி ஒண்ணு தூக்கித் தூக்கி எறங்குது. அதுக்கு அங்கிட்டு ஒண்ணும் இல்ல. வெறிச்சுனு வெளுத்த வானம். கண்ணு கூசுது.

ஐயோ, அந்த மூடியை எறக்காத தாயி. வெயில் அடிச்சா அடிக்கட்டும். அவளும் எறக்கலை.

 நியாயம் சொல்லுவன்னு நெனச்சேன். சரி, விடு. உன் வயசுல என்னத்தைச் சொல்லுவ?

மைக்குல என்ன சொல்லுதாக? இடது பக்கமா? வந்துட்டா? அந்தா, எல்லாரும் எந்திரிச்சுட்டாக பாரு. சங்கரநாராயணன் கையை ஆட்டி என்னையும் வரச் சொல்லுதாரு. நான் வரலை, முழங்காலு வலிக்குன்னு சொல்லிரு. நீ போ. பெல்ட்டைக் கழத்திட்டுப் போ. அந்தப் பின் சீட்டு ஜன்னல் இன்னமும் காலியாத்தான் கெடக்கு. போயி நல்லா, கண்ணைத் தொறந்து பாரு.

எனக்கா? எனக்காகப் போட்டோவெல்லாம் எடுத்துட்டு வராத. காத்மாண்டுல எறங்குனதும் வேலவன் போன் போடுவான். ஏ சீட்டுலதான் இருக்கேன்னு அவன் நெனச்சுக்கிட்டிருக்கான். "எம்மா, மலை பாத்தியா"ன்னு கேப்பான். பாத்தேன்யா, பூராவும் பாத்தேன், வெள்ளை வெள்ளையா, வரிசையா, முத்தையாபுரத்துல உப்பு அம்பாரம் நிக்கும்லா, அச்சா அதே மாதிரின்னு சொல்லுவேன். நம்பிருவான். நானும் நம்புனேன்லா.